காலி நாற்காலிக்குக் கொடுத்த வேலை

ஜனவரி 5, திங்கள்

மாதக் கூட்டம். இரண்டு மணி நேரம் உட்கார்ந்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது. கடைசியில் வந்த டீயும் ஆறிப்போய் வந்தது. நாள் முழுக்கக் குளிர் கிடங்கில் நிற்கிறவர்களுக்குச் சூடாக ஒரு டீ கொடுக்க இந்தக் கம்பெனிக்கு வக்கில்லை.

காப்பீட்டுக்காரர் போன வாரம் கிடங்கைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாராம். குளிரூட்டும் குழாயில் அம்மோனியா கசிந்தால் இங்கே யார் பொறுப்பு? முதலாளி பெருமையாக, நாங்கள் எல்லாருமே பொறுப்பு என்றிருக்கிறார். அது பதில் இல்லை, ஓர் ஆளின் பெயர் வேண்டும் என்று அவர் எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஆகவே இனிமேல் அவசரகாலப் பொறுப்பாளர் என்று ஒருவர். அவர் கையில் தனியாக ஒரு போன். கசிவு மணி அடித்தால் அந்த போனுக்குத் தானாக அழைப்பு போகும். உடனே அவர் இயந்திர அறையைக் கூப்பிட்டு, காற்றின் திசையைக் காட்ட மாடியில் பறக்கிற காற்றுப் பை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கேட்க வேண்டும். காற்று போகிற பக்கம்தான் வாயுவும் போகும். ஆட்களை முன் வாசலில் விடுவதா பின் வாசலில் விடுவதா என்று அவர்தான் சொல்ல வேண்டும். வால்வை அடைக்கச் சொல்வதும் வெளியே வந்தவர்களை எண்ணுவதும் அவர் பாடு. கூடுதல் சம்பளம் கிடையாது. ஏதாவது ஆகிவிட்டால் பதில் சொல்வதும் அவர்தான்.

இதைக் கேட்டதும் மேசையைச் சுற்றி இருந்த அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் உடம்புக்கு முடியாமல் போய்விட்டது. சரக்குப் பிரிவு நெட்டைக்கு இரத்த அழுத்தம். கணக்கருக்குக் கண் புரை. எனக்கு என்ன சொல்வது என்று தெரியாமல், வீட்டுக்காரருக்கு முழங்கால் வலி என்றேன். அவர் முழங்காலுக்கும் அம்மோனியாவுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை.

எங்கள் கம்பெனியில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறோம். யாருக்கும் வேண்டாத வேலை வந்தால், அன்றைக்கு எந்த நாற்காலி காலியாக இருக்கிறதோ அந்த ஆள் தலையில் கட்டிவிடுவது. யார் ஆரம்பித்த வழக்கமோ. ஆண்டு விழா, கழிப்பறைச் சண்டை எல்லாம் இப்படித்தான் முடிவாகும். மகளைக் கல்லூரியில் சேர்க்கப் போன நாளில் நான் எலிகளுக்குப் பொறுப்பாளரானேன். இரண்டு வருடம் எலி பிடித்தேன்.

இன்றைக்குக் காலி நாற்காலி அண்ணனுடையது. கூடப் பிறக்காத அண்ணன், குளிரூட்டும் இயந்திரப் பிரிவின் தலைவர். வயிற்றில் ஏதோ தொந்தரவு என்று பரிசோதனைக்குப் போயிருந்தார். நெட்டை அந்த நாற்காலியைப் பார்த்துக் கும்பிடு போட்டான். எல்லாரும் சிரித்தோம். முதலாளி பெயரை எழுதிக்கொண்டார். வந்ததும் மனுஷன் கத்தப் போகிறார்.

ஜனவரி 6, செவ்வாய்

அண்ணன் போன் செய்தார். "ஆள் இல்லாத நேரம் பார்த்து என் தலையில மிளகாய் அரைச்சுட்டீங்களா டீச்சர்?" பழக்கூடைகளுக்குத் தரம் பார்த்து மதிப்பெண் போடுகிற வேலையில் சேர்ந்த நாளிலிருந்து எனக்கு டீச்சர் என்றுதான் பெயர். சிரித்தார். பரிசோதனை முடிவு வெள்ளிக்கிழமையாம்.

ஜனவரி 9, வெள்ளி

அண்ணி கூப்பிட்டார். வயிற்றில் புற்றுநோய். கல்லீரலுக்கும் போய்விட்டதாம். டாக்டர் அறுவைப் பேச்சையே எடுக்கவில்லையாம்.

நான் கழிப்பறையில் போய் அழுதுவிட்டு வந்து ஆப்பிள் பிரித்தேன். எங்கள் பிரிவுச் சிட்டு பக்கத்திலேயே நின்றுகொண்டு, என்ன அக்கா என்று கேட்காமல் என் கூடையையும் சேர்த்துப் பார்த்து முடித்தாள்.

ஜனவரி 19, திங்கள்

அண்ணன் வந்தார். முதல் மருந்து ஏற்றி முடித்த கையோடு வந்திருக்கிறார். சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது. லீவு எழுதிக் கொடுக்க வந்திருப்பார் என்று நினைத்தோம். நேராக முதலாளி அறைக்குப் போய், "பேர் எழுதிட்டீங்க, போன் குடுக்க மனசில்லையா?" என்று கேட்டு வாங்கிக்கொண்டார். சின்னப் பொத்தான் போன். முதலாளியின் மேசை அறையில் உறை பிரிக்காமல் கிடந்தது.

பிறகு எங்களையெல்லாம் முற்றத்துக்குக் கூட்டிப்போய் நிறுத்தினார். காற்றுப் பையைக் காட்டினார். ஒத்திகை என்றார். மணி அடித்தது, வெளியே வந்தோம், எண்ணினார். நெட்டையைக் குனியச் சொல்லி, நீ ஒருத்தனே இரண்டு ஆள் கணக்கு என்றார். பாதியில் மூச்சு வாங்கிக் காலிக் கூடை ஒன்றைக் கவிழ்த்து உட்கார்ந்துவிட்டார்.

நெட்டை மெல்லக் கேட்டுப் பார்த்தான். இப்ப இருக்கற நிலைமையில இது உங்களுக்கு வேணுமாண்ணே?

"ஏன், அதுக்குள்ள நான் செத்துட்டேனா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நாங்களும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு இருக்கிறதே, அதைப்போல் கேவலமான ஒன்றை நான் சிரித்ததில்லை.

பிப்ரவரி 2, திங்கள்

மாதக் கூட்டம். அண்ணன் நாற்காலி காலி. அவசரகாலப் பொறுப்பு என்ற வரி வந்ததும் முதலாளி பேனாவை மூடினார். அது அவரிடமே இருக்கட்டும், இப்போது போய்த் திருப்பிக் கேட்டால் நீ பிழைக்க மாட்டாய் என்று நாமே அவர் முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி ஆகிவிடும் என்றார்.

சரிதானே? எனக்கும் சரி என்றுதான் பட்டது. யாருக்கும் மனசு வரவில்லை. கூடவே, வாங்கினால் அதை யார் கையில் கொடுப்பது என்ற கேள்வி வருமே, அதிலிருந்தும் தப்பித்தோம். இதை இங்கே மட்டும்தான் எழுத முடியும்.

பிப்ரவரி 15, ஞாயிறு

அண்ணனைப் பார்க்கப் போனேன். இவரும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கூட வந்தார். மாடிப்படி ஏறுவதற்குள் படி கட்டியவனைத் திட்டித் தீர்த்துவிட்டார்.

கட்டிலை ஜன்னல் ஓரம் நகர்த்திப் போட்டிருக்கிறார்கள். தலையணைக்குப் பக்கத்தில் அந்த போன். சார்ஜ் போடும் கம்பி எட்டவில்லை என்று கட்டிலையே நகர்த்தச் சொன்னாராம். தினமும் காலையில் எழுந்து உட்கார்ந்து, முகம் கழுவி, தலை வாரிக்கொண்டு இயந்திர அறைக்குப் பேசுகிறார். காற்று எப்படி, அழுத்தம் எவ்வளவு, யார் ஷிப்ட். பேசி முடித்த பிறகு இரண்டு வாய் சாப்பிடுகிறாராம்.

சமையலறையில் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்த போன் இருக்கறதாலதான் இன்னும் மனுஷனா எழுந்து உட்கார்றார். உங்க கம்பெனி நல்லா இருக்கணும்."

தலையை ஆட்டிவிட்டு வந்தேன். திரும்பும்போது பஸ்ஸில் இவர் கேட்டார், மற்ற நேரமெல்லாம் வலிக்கு ஊசி போட்டுத் தூங்குகிற மனுஷன், மணி அடித்தால் எப்படி எடுப்பார் என்று. வாயை மூடிக்கொண்டு வாருங்கள் என்றேன்.

பிப்ரவரி 25, புதன்

எழுதினால்தான் மனசு ஆறும்.

சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் மணி அடித்தது. முதலில் ஒத்திகை என்று நினைத்தோம். அப்புறம் நெடி மூக்கில் ஏறியது. கண்ணைத் திறக்க முடியவில்லை. பழம் பிரிக்கும் கூடத்தில் எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். சிட்டு என் முழங்கையைப் பிடித்து, "எந்தப் பக்கம் அக்கா?" என்றாள்.

நான் சொன்னேன், "இரு, சொல்வாங்க."

யார் சொல்வார்கள் என்று இப்போது என்னையே கேட்கிறேன். யார்டி சொல்வாங்க? அந்த ஆள் ஊசி போட்டுத் தூங்கிட்டிருக்கார்னு உனக்குத் தெரியாதா?

ஒலிபெருக்கியில் ஒன்றும் வரவில்லை. இயந்திர அறைக்காரர் வால்வை அடைத்துவிட்டு, வாசலைப் பொறுப்பாளர் சொல்லட்டும் என்று போனையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். அப்படித்தானே சொல்லி வைத்திருந்தது. பாதிப் பேர் பின் வாசலுக்கு ஓடினார்கள். பாதிப் பேர் பழக்க தோஷத்தில் முன் வாசலுக்கு. காற்று முன் வாசலைப் பார்த்து அடித்துக்கொண்டிருந்தது. சிட்டு முன் வாசலுக்கு ஓடினாள். நான் சொல்வதற்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, நான் ஒன்றும் சொல்லாததால் ஓடினாள். கேட் பக்கத்தில் விழுந்து கிடந்தவளை நெட்டைதான் மூக்கில் ஈரத் துணியைக் கட்டிக்கொண்டு போய்த் தூக்கி வந்தான்.

மருத்துவமனையில் குழாய் வைத்திருக்கிறார்கள்.

அண்ணியிடம் பேசினேன். போன் அடித்ததாம். எடுத்தால் கீ கீ என்று சத்தம் மட்டும் வந்ததாம். ஏதோ விளம்பரம் என்று கட் செய்துவிட்டாராம். அண்ணன் நல்ல தூக்கம். "ஏன், ஏதாவது முக்கியமா?" என்று கேட்டார். இல்லை அண்ணி என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 26, வியாழன்

சிட்டு பிழைத்துக்கொண்டாள். நுரையீரல் வெந்திருக்கிறது, ஆற நாளாகும், பழையபடி ஆகுமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். குரலே வரவில்லை. என்னைப் பார்த்துக் கையை மட்டும் அசைத்தாள்.

அவள் அம்மா வராந்தாவில் என்னைப் பிடித்துக்கொண்டார். சண்டைக்கு வரவில்லை. சண்டை போட்டிருந்தாலும் தேவலை. "அங்க இதுக்கெல்லாம் யாரும்மா பொறுப்பு? ஒரு பேர் சொல்லும்மா. அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்கணும்."

கேட் பக்கத்துப் பலகையில் கொட்டை எழுத்தில் அண்ணன் பெயர் இருக்கிறது. அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். பத்தொன்பது வருடமாக அங்கே குப்பை கொட்டுகிறவள், விசாரித்துச் சொல்கிறாளாம்.

பிப்ரவரி 27, வெள்ளி

அவசரக் கூட்டம். அதிகாரிகள் எழுத்துமூலம் பதில் கேட்டிருக்கிறார்கள். கசிவு நடந்தபோது பொறுப்பில் இருந்தவர் யார்?

கணக்கர் சுற்றி வளைத்து ஆரம்பித்தார். பலகையில் இருக்கிற பெயரையே எழுதிவிட்டால் எல்லாருக்கும் நல்லது, அவருக்கு இனிமேல் என்ன ஆகிவிடப் போகிறது, வழக்கு வந்து சேருவதற்குள்... அதற்கு மேல் சொல்லாமல் கையை விரித்தார்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. டம்ளரைத் தட்டிவிட்டேன். வேண்டுமென்றா, கை பட்டதா, எனக்கே தெரியாது. "உயிரோட இருக்கற மனுஷன் மேல எழுதப் பார்க்கறீங்களே, நீங்கல்லாம் மனுஷங்களா?" என்று கத்தினேன். அந்த நாற்காலியைப் பார்த்து அன்றைக்குச் சிரித்தவர்களில் நானும் ஒருத்தி என்று அப்போது எனக்கு நினைவில்லை. இப்போது இருக்கிறது.

முதலாளி நடுவில் புகுந்தார். கெட்டவர் இல்லை, யார் மனமும் நோகக்கூடாது அவருக்கு. அவர் சொன்ன யோசனை: மணியிலிருந்து போகிற அழைப்பை வேறு எண்ணுக்கு மாற்றிவிடலாம். பழைய போன் அண்ணனிடமே இருக்கட்டும். தினமும் காலையில் அவர் பேசினால் இயந்திர அறையில் ஒருவர் பதில் சொல்லட்டும். அவருக்குத் தெரியவே வேண்டாம்.

கேட்க எவ்வளவு நன்றாக இருந்தது! ஒரு நிமிடம் நானும் மயங்கிவிட்டேன். பிறகு, கதவுகளில் எல்லாம் அந்த எண்தானே ஒட்டியிருக்கிறது, யாராவது பயத்தில் அதைக் கூப்பிட்டால்? அவர் தூக்கத்தில் எழுந்து ஒரு வாசலைச் சொல்ல, புது ஆள் வேறு வாசலைச் சொன்னால்? கேட்டேன். சரி, அந்த வேறு எண் யாருடையது என்று கேட்டேன். மேசையைப் பார்த்தார்கள்.

கடைசியில் ஒன்று மட்டும் முடிவாயிற்று. அண்ணனிடம் போய்ச் சொல்லி போனை வாங்கி வருவது நான். அவர் என் பேச்சைத்தான் கேட்பாராம். நான் இன்றைக்கு என் நாற்காலியில்தானே உட்கார்ந்திருந்தேன்!

மார்ச் 1, ஞாயிறு

போனேன்.

அண்ணன் விழித்திருந்தார். கன்னம் இன்னும் ஒட்டியிருக்கிறது. என்னைப் பார்த்ததும் தலையணையை நிமிர்த்தச் சொன்னார். நான் பழ விலை, நெட்டையின் புது மூக்குக் கண்ணாடி என்று ஏதேதோ பேசினேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "டீச்சர், மூணு நாளா இயந்திர ரூம்ல எவனும் முகம் குடுத்துப் பேச மாட்டேங்கறான். மணி அடிச்சுதா?" என்றார்.

அண்ணி கதவருகில் நின்று என்னைப் பார்த்துத் தலையசைத்தார், என்னவானாலும் அவரிடம் வேண்டாம் என்று. நான் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். சிட்டுவைப் பற்றியும். அண்ணி போனை எடுத்துக் கட் செய்ததை மட்டும் விட்டுவிட்டேன். அதுவரை நடந்தது என்னவென்று அண்ணிக்கும் தெரியாது. கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார்.

அண்ணன் தலையணைக்குப் பக்கத்திலிருந்த போனைக் கையில் எடுத்துக்கொண்டார். பிறகு, "வாங்கிட்டுப் போக வந்திருக்க" என்றார்.

ஆமாம் அண்ணா என்றேன்.

"யாருக்கு?"

கம்பெனிக்கு என்றேன்.

"கம்பெனின்னா யாரு? அந்தப் பொண்ணு ஓடினப்ப கம்பெனி எங்க இருந்துச்சு?" குரல் எழும்பவில்லை, ஆனாலும் கோபம் அப்படியே இருந்தது. "மேசை மேல வச்சுட்டு அவனவன் எழுந்து போவான். எனக்குத் தெரியாதா அந்தக் கூட்டத்தை? ஆளைச் சொல்லு, குடுக்கறேன். இல்லேன்னா இது இங்கயே இருக்கட்டும்."

போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டார். பொய்யாக நெட்டையின் பெயரைச் சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன். சத்தியமாக யோசித்தேன். வாயைத் திறந்தால் வேறு வந்தது.

"நான்தான் அண்ணா."

நம்பாத மாதிரி பார்த்தார். "நீயா? உனக்குக் கிழக்கு எது மேற்கு எதுன்னே தெரியாதே."

கற்றுக்கொள்கிறேன் என்றேன். போனை என் உள்ளங்கையில் வைத்தார். சூடாக இருந்தது. பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் தொடப் போனேன். "போ டீச்சர்" என்றார்.

வாசல் வரைக்கும் அண்ணி வந்தார். செருப்பைப் போடுகிறவரை பொறுத்திருந்து சொன்னார், "அவர்கிட்ட மிச்சம் இருந்தது அது ஒண்ணுதான். அதையும் கேட்டு வாங்கிட்டியே."

பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு பஸ்ஸை விட்டேன்.

மார்ச் 2, திங்கள்

மாதக் கூட்டத்தில் போனை மேசையில் வைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னேன், இனிமேல் நான். எல்லாரும் மூச்சு விட்ட சத்தம் கேட்டது. முதலாளி அவசர அவசரமாகப் பேனாவைத் திறந்தார்.

திறக்கிற கையோடு இன்னொன்றும் எழுதுங்கள் என்றேன். அதிகாரிகளுக்குப் போகிற பதிலில் அண்ணன் பெயர் வரக்கூடாது. வர முடியாத நோயாளி என்று தெரிந்தும் பொறுப்பை அவரிடம் விட்டு வைத்தது நிர்வாகம், நாங்கள் எல்லாரும், என்று இருக்க வேண்டும். கையெழுத்து முதலாளி போட வேண்டும். சிட்டுவின் அம்மாவிடம் போய், அவர் கேட்க நினைத்த அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுக்கொள்வதும் முதலாளிதான். இல்லையென்றால் போன் இதோ, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

யாரும் கையை நீட்டவில்லை. கணக்கர், சட்டப்படி இது என்று ஆரம்பித்தார். முதலாளி அவரைக் கையமர்த்திவிட்டு எழுதினார். எழுதும்போது அவர் காது சிவந்திருந்தது. எனக்கு நிம்மதியும் தோன்றவில்லை, வெற்றியும் தோன்றவில்லை.

வீட்டில் இவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "கடைத்தெருவுக்குப் போனா எதிர்ப்பக்கம் போறவ நீ. உன்னை நம்பி இத்தனை பேர் ஓடப் போறாங்களா?" சொல்லிவிட்டு எழுந்து போய், பழைய நோட்டட்டையில் அம்புக்குறி வெட்டி நான்கு திசையும் எழுதி என் பையில் வைத்தார்.

மார்ச் 6, வெள்ளி

கிழக்கு முன் வாசல். மேற்கு பின் வாசல். வடக்கில் லாரி. தெற்கில் சுவர்.

மார்ச் 13, வெள்ளி

இரண்டு வாரமாக ஒத்திகை. நான் மாடிக்கு ஏறி இறங்கியே இளைத்துவிடுவேன். முதல் நாள் ஆட்களைக் காற்று போகிற பக்கமே அனுப்பினேன். ஒத்திகை என்பதால் பிழைத்தார்கள். நெட்டை சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அறைந்திருப்பேன்.

இப்போது குளிக்கப் போகும்போதும் போன் சோப்பு டப்பா பக்கத்தில். இதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அண்ணனுக்கு எப்படித் தூக்கம் வந்தது? எனக்கு அது அடிக்காதபோதும் அடிக்கிற மாதிரி இருக்கிறது.

மார்ச் 20, வெள்ளி

சிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். குரல் கரகரவென்று இருக்கிறது. பேசினால் இருமல். திரும்பக் குளிருக்குள் வரக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அலுவலகத்தில் வேலை தருவதாக முதலாளி போய்ச் சொல்லியிருக்கிறார். யோசித்துச் சொல்கிறேன் என்றாளாம். என்னிடம், "நீங்க இரு-ன்னு சொன்னதுக்கு நான் இருந்திருக்கணும் அக்கா" என்றாள். என்னைச் சமாதானப்படுத்துகிறாள்! இல்லடி, நான்தான் சொல்லியிருக்க வேண்டும் என்றேன். அதற்குள் அவளுக்கு இருமல் வந்துவிட்டது.

மார்ச் 24, செவ்வாய்

அண்ணன் என் அழைப்பை எடுப்பதில்லை. அண்ணிதான் எடுத்தார். காலையில் எழுந்து உட்காருவதை விட்டுவிட்டாராம். தலை வாருவதில்லை. சாப்பாடு தண்ணீராகத்தான் இறங்குகிறதாம். சொல்லிவிட்டு, "சந்தோஷமா?" என்று கேட்டார்.

நோய் முற்றினால் அப்படித்தான் ஆகும் என்று இவர் சொல்கிறார். எனக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய.

மார்ச் 29, ஞாயிறு

அண்ணி திட்டினாலும் பரவாயில்லை என்று போனேன். திட்டவில்லை. கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அண்ணன் தலையணைக்கு அடியில் கையை விட்டுத் தேடிக்கொண்டிருந்தார். ஒரு நாளைக்குப் பல தடவை இப்படித் தேடுகிறார் என்று அண்ணி உள்ளிருந்தே சொன்னார். போன் எங்கே, போன் எங்கே என்று. கொடுத்தது மறந்துவிடுகிறது. ஒவ்வொரு தடவையும் அண்ணி, டீச்சர் வாங்கிட்டுப் போயிட்டா என்று புதிதாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அவர் முகம் புதிதாக விழுகிறது. இதை அண்ணி ஒருத்தியே அனுபவித்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்குத் தெரியாமல் போயிற்றே.

பையிலிருந்து போனை எடுத்து அவர் கண்ணுக்கு நேரே காட்டினேன். எங்கிட்ட இருக்கு அண்ணா, தொலையல என்றேன். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சார்ஜ் இருக்கா?"

இருக்கு என்றேன்.

"சரி" என்றார். கண்ணை மூடிக்கொண்டார். நான் கிளம்புகிற வரைக்கும் தேடவில்லை.

ஏப்ரல் 8, புதன்

விடியற்காலையில் அண்ணன் போய்விட்டார்.



ஏப்ரல் 9, வியாழன்

ஷிப்டில் இருந்தவர்களைத் தவிர கம்பெனியே அண்ணன் வீட்டில் இருந்தது. தெருவில் நாற்காலி போட்டிருந்தார்கள். நான் பெண்களோடு உள்ளே, அண்ணிக்குக் கொஞ்சம் தள்ளி. பக்கத்தில் போக எனக்குத் துணிச்சல் வரவில்லை. அவர் என் பக்கம் திரும்பவும் இல்லை. அண்ணனுக்குத் தலை வாரிவிட்டிருந்தார்கள். எடுக்க இன்னும் நேரம் இருக்கிறது, வெளியூர்ச் சொந்தம் வர வேண்டும் என்றார்கள். கூட்டம் கொஞ்சம் விலகிய பிறகு கிட்டப் போய் ஒரு தடவை முகத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருந்தேன்.

பையில் போன் அடித்தது.

அந்த அறையில் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எடுத்தேன். கீ கீ. எழுந்து வெளியே ஓடி வந்து இயந்திர அறையைக் கூப்பிட்டேன். காற்றுப் பை எந்தப் பக்கம் என்றேன். முன் வாசல் பக்கம் சாய்ந்திருக்கிறது என்றார். "பின் வாசல். எல்லாரும் பின் வாசல். மைக்ல சொல்லுங்க. வால்வை அடைங்க." என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. அட்டையை எடுத்துப் பார்க்கவில்லை.

நெட்டை கூப்பிடாமலே வண்டியை எடுத்துக்கொண்டு வந்து நின்றான். ஏறுங்க டீச்சர் என்றான். ஏறிய பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். உள்ளே சொல்லிவிட்டு வரவில்லை. அண்ணன் முகத்தையும் பார்க்கவில்லை.

கசிவு சின்னதுதான். பம்பு மூடியில். நாங்கள் போனபோது எல்லாரும் பின் வாசலுக்கு வெளியே வேலியோரம் நின்றிருந்தார்கள். எண்ணினேன். ஓர் ஆள் குறைந்தது. பெயர் பெயராகக் கூப்பிட்டேன். காவலாளி. முன் கேட்டைப் பூட்டிவிட்டு வேலியைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். மறுபடி எண்ணினேன். சரியாக இருந்தது. இன்னொரு தடவையும் எண்ணினேன்.

தீயணைப்புக்காரர்கள் வந்து பார்த்து, உள்ளே போகலாம் என்று சொல்கிறவரை நகர முடியவில்லை. நகரக்கூடாது. நெட்டை ஒன்றிரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தான்.

திரும்பிப் போனபோது தெருவில் நாற்காலிகளை அடுக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். உள்ளே கட்டில் இருந்த இடம் காலியாக இருந்தது. அண்ணி சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். நான் வாசற்படியிலேயே நின்றேன். எந்த முகத்தை வைத்துக்கொண்டு உள்ளே போவது? கடைசி நேரத்தில்கூட அவரை விட்டுவிட்டு ஓடினவள்.

அண்ணி தலையைத் தூக்கினார். அழுது அழுது குரல் கம்மியிருந்தது.

"எல்லாரும் வெளிய வந்துட்டாங்களா?"

"வந்துட்டாங்க அண்ணி" என்றேன். "எல்லாரும் வந்துட்டாங்க."

அண்ணி கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் எனக்கு இடம் விட்டார்.